ஒற்றை இடத்துக் கட்சிகளின் ஊர்: கோலார் தங்கவயலின் தேர்தல் முடிவுகள், 1952–2023

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் கிளை ரயில்பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. சோழமண்டலம் என்ற தமிழ்ச்சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்து கோரமண்டல் ஆயிற்று என்பதே பெரும்பான்மை அறிஞர் ஒப்பும் விளக்கம். கடற்கரைக்கு உரிய அப்பெயர், கடலே காணாத கோலார் மேட்டுநிலத்தில் சுரங்கக் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. பெயரைப் போலவே ஆட்களும் வந்தனர். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் பேசும் உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் இவ்வூருக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தீண்டாமைக்கு ஆட்பட்டிருந்த சாதியினர். கன்னட நாட்டின் நடுவே தமிழ் பேசும் தலித் தொழிலாளர் நகரம் ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

இந்நகரத்தின் தேர்தல் முடிவுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வியப்பூட்டும் செய்தி ஒன்று தெரியவருகிறது. 1978 முதல் 2004 வரை கர்நாடகச் சட்டமன்றத்துக்கு நடந்த ஏழு பொதுத்தேர்தல்களில் ஒன்றில்கூட, மாநிலத்தில் ஆட்சி அமைத்த கட்சியின் வேட்பாளரைத் தங்கவயல் தேர்ந்தெடுக்கவில்லை. 1978இல் தேவராஜ் அர்சின் காங்கிரஸ் வென்றது. தங்கவயலில் இந்தியக் குடியரசுக் கட்சியின் சி. எம். ஆறுமுகம் வென்றார். 1983இல் ஜனதா கட்சி ராமகிருஷ்ண ஹெக்டே தலைமையில் ஆட்சிக்கு வந்தது. தங்கவயலில் அனைத்திந்திய அண்ணா தி.மு.க.வின் மு. பக்தவத்சலம் வென்றார். 1985இல் ஹெக்டே மீண்டும் வென்றபோது தங்கவயல் அனுப்பியது மார்க்சிஸ்ட் கட்சியின் டி. எஸ். மணியை. 1989இல் காங்கிரஸ் பேரலை. இங்கே மீண்டும் பக்தவத்சலம். 1994இல் தேவேகவுடாவின் ஜனதா தளம். இங்கே குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன். 1999இல் எஸ். எம். கிருஷ்ணாவின் காங்கிரஸ், இங்கே மூன்றாம் முறையாகப் பக்தவத்சலம். 2004இல் காங்கிரஸ் – மதச்சார்பற்ற ஜனதா தளக் கூட்டணி. இங்கே இரண்டாம் முறையாக ராஜேந்திரன்.

இவற்றுள் பெரும்பாலான முறை, வென்ற கட்சிக்கு மாநிலம் முழுவதிலும் கிடைத்த ஒரே இடம் தங்கவயலாகவே இருந்தது. தமிழ்நாட்டை ஆண்ட கட்சி, அம்பேத்கர் வழியில் தோன்றிய கட்சி, பொதுவுடைமைக் கட்சி என மூன்று வெவ்வேறு மரபுகள் மாறி மாறி ஒரே தொகுதியில் வென்றன. அவற்றுள் எதுவும் பெங்களூரில் ஆட்சி அமைக்கும் நிலையில் இருந்ததில்லை. இத்தகைய முடிவுகளை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

வழக்கமாகத் தரப்படும் விடை எளியது: தங்கவயல்காரர் தமிழர், ஆகவே தமிழர் கட்சிக்கு வாக்களித்தனர், எம்.ஜி.ஆர். மீதிருந்த பற்று அதற்குத் துணைசெய்தது. இவ்விடை 1983, 1989, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் எஞ்சிய நான்கு ஆண்டுகளுக்கு அது விடை சொல்வதில்லை. இரண்டே ஆண்டு இடைவெளியில், 1985இல், அதே வாக்காளர் மார்க்சிஸ்ட் கட்சிக்கு ஏன் மாறினர்? 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூரிலும் பிற இடங்களிலும் தமிழர் தாக்கப்பட்டனர். மொழியே வாக்கைத் தீர்மானித்திருந்தால், அதற்கு அடுத்து வந்த 1994 தேர்தலில் தமிழ்நாட்டுக் கட்சியின் கை ஓங்கியிருக்க வேண்டும். வென்றதோ குடியரசுக் கட்சி. ஆறுமுகம், பக்தவத்சலம், மணி, ராஜேந்திரன் ஆகிய அனைவரும் அத்தமிழ்ச் சமூகத்தினூடாகவே அரசியல் செய்தவர்கள். எல்லாத் தேர்தலிலும் மாறாதிருந்த ஒன்று, தேர்தலுக்குத் தேர்தல் நேர்ந்த மாற்றத்துக்குக் காரணமாக முடியாது. மொழி இவர்கள் நின்ற தரை; எத்திசையில் நடப்பது என்பதை அது முடிவு செய்யவில்லை.

திசையை முடிவு செய்தவை எவை என்பதற்கான தடயம் முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் கிடைக்கிறது. 1952இல் மைசூர் மாநிலச் சட்டமன்றத்தில் 99 இடங்கள். காங்கிரஸ் 74 இடங்களைப் பெற்றது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அது தங்கவயலில் கே. எஸ். வாசன் வென்ற இடம். அதே தொகுதியில், அதே நாளில், பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பி. எம். சுவாமிதுரையும் வென்றார். தங்கவயல் அன்று இரட்டை உறுப்பினர் தொகுதி. 1957இல் மாநிலம் விரிந்து 208 இடங்களானபோதும் இதே கதை தொடர்ந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் ஒரே வெற்றி தங்கவயலில் எம். சி. நரசிம்மன் பெற்றது; அவருடன் கூட்டமைப்பின் சார்பில் தேர்வானவர் சி. எம். ஆறுமுகம்.

இரட்டை உறுப்பினர் தொகுதியின் இயக்கத்தை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு இட இயலாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டியாகச் சின்னம் ஒட்டிய பெட்டிகள் வைக்கப்பட்டிருந்த காலம் அது. பட்டியல் சாதி வேட்பாளருள் அதிக வாக்குப் பெற்றவர் ஓர் இடத்தையும், எஞ்சியோருள் முதல்வர் மற்றோர் இடத்தையும் பெறுவர். எந்தத் தனி வாக்காளர் எப்படி வாக்களித்தார் என்று எவரும் சொல்ல முடியாது. எனினும் முடிவுகள் ஒன்றைக் காட்டுகின்றன. தொழிலாளி என்ற நிலைக்கு ஒரு பிரதிநிதி, ஒடுக்கப்பட்டவர் என்ற நிலைக்கு ஒரு பிரதிநிதி என இரண்டையும் ஒருசேர அனுப்பும் வாய்ப்பை அம்முறை தங்கவயலுக்கு அளித்தது. தங்கவயல் அதை இருமுறை பயன்படுத்திக்கொண்டது.

அவ்விரண்டு பிரதிநிதித்துவங்களும் 1952இல் திடீரென முளைத்தவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1914இல் மறைந்த பின், 1920களில் ‘தமிழன்’ இதழ் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பட்டது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை பௌத்த, பகுத்தறிவு நூல்களை வெளியிட்டது. 1954இல் அம்பேத்கர் இவ்வூருக்கு வந்தார். இது ஒரு மரபு. மற்றொன்று தொழிற்சங்க மரபு. தொழிலாளரின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது, 1930இல் தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. 1946இல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். சொத்தும் வரியும் உடையவருக்கே வாக்குரிமை என்றிருந்த சமஸ்தான மைசூரில், மண்ணடியில் உழைத்த இவர்களுக்கு ஆட்சிமன்றத்தில் இடமில்லை. அனைவர்க்கும் வாக்கு கிடைத்த முதல் தேர்தலிலேயே அவர்கள் தம் இரு மரபுகளையும் ஒருங்கே அனுப்பிவைத்தனர்.

1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. இரண்டு வாக்குகள் ஒன்றாயின. அதுவரை அருகருகே நின்ற இரண்டும் இனி ஒன்றையொன்று எதிர்த்து நிற்க வேண்டியதாயிற்று. 1972இல் தோன்றிய அ.தி.மு.க. மூன்றாவதாக வந்து சேர்ந்தது. 1978க்குப் பிந்தைய ஏழு தேர்தல்களின் ஊசலாட்டத்தை நிலையற்ற மனத்தின் அடையாளம் என்று கொள்வதைவிட, இரண்டு வாக்குகள் தேவைப்பட்ட ஒரு சமூகம் ஒரே வாக்கை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டது என்று கொள்வது பொருத்தமாகும்.

இப்போக்கு உலகில் தனித்ததன்று. ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான மேற்கு ஃபைஃப், 1935 முதல் 1950 வரை வில்லியம் கல்லாகர் என்ற கம்யூனிஸ்ட் உறுப்பினரைப் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நெருக்கமான குடியிருப்பு, ஒரே முதலாளி, ஒரே ஆபத்து ஆகியவை சுரங்க ஊர்களைத் தனிவழி வாக்களிக்கச் செய்கின்றன. ஆயினும் தங்கவயலுக்கு உண்மையில் நெருங்கிய ஒப்புமை இலங்கை மலையகமே. தமிழகத்திலிருந்து கூலிகளாகச் சென்றவர்களின் வழியினர் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1952இல் தங்கவயல் தொழிலாளி வரிசையில் நின்று வாக்களித்தபோது, அதே ஆண்டில் நடந்த இலங்கைத் தேர்தலில் மலையகத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர்க்கு வாக்கு இல்லை. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே வறட்சிக்கும் ஒரே சாதிக்கொடுமைக்கும் தப்பிப் புறப்பட்டவர்கள். ஒரு சாரார் ஏறிய கப்பல் அவர்கள் வாக்கைப் பின்னாளில் பறித்தது. மற்றவர் ஏறிய ரயில் பறிக்கவில்லை.

எதிர்க்கட்சிக்கே வாக்களித்ததால் தங்கவயல் எதையும் இழக்கவில்லையா என்ற வினா எழலாம். சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் அவை ஒன்றிய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. வேலை, கூலி, லைன் வீடு, மருத்துவமனை யாவும் நிறுவனத்தின் கையில். நிறுவனம் டெல்லியின் கையில். பெங்களூரில் எக்கட்சி ஆண்டாலும் கூலியில் ஒரு காசு கூடப்போவதில்லை. ஆகவே சட்டமன்ற வாக்கு ஆதாயக் கணக்கிலிருந்து பெரிதும் விடுபட்டிருந்தது. தாம் யார் என்று சொல்வதற்கு அவ்வாக்கைப் பயன்படுத்த அவர்களால் முடிந்தது. அவ்விடுதலைக்கு மறுபக்கமும் உண்டு. சுரங்கத்தை மூடும் பேச்சு எழுந்தபோது, ஆளும் கட்சி எதிலும் தங்கவயலுக்காகப் பேசக் கடமைப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் இல்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 2004 தேர்தல் பழைய பழக்கத்தின் கடைசி வெளிப்பாடு. 2008இல் தொகுதி எல்லைகள் மாறின. தங்கவயலுக்குக் குடிநீர் தந்துவந்த பேத்தமங்கலத்தின் பெயரில் அமைந்திருந்த தொகுதி நீக்கப்பட்டது. அதன் ஊர்கள் தங்கவயல் தொகுதியுடன் சேர்க்கப்பட்டன. கன்னடமும் தெலுங்கும் பேசும் வேளாண் சிற்றூர்களின் வாக்குகள் சுரங்க லைன்களின் வாக்குகளோடு கலந்தன. அவ்வாண்டு பாரதிய ஜனதா கட்சியின் ஒய். சம்பங்கி வென்றார், 2013இல் அவருடைய தாயார் ராமக்கா வென்றார். 2018இல் காங்கிரஸின் எம். ரூபகலா நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டிலும், 2023இல் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டிலும் வென்றார். அவர் கோலார் மக்களவைத் தொகுதியில் ஏழு முறை வென்ற கே. எச். முனியப்பாவின் மகள். இருமுறையும் அவரிடம் தோற்றவர் சம்பங்கியின் மகள் அஸ்வினி. சங்கங்களின் போட்டி நடந்த களத்தில் இன்று குடும்பங்களின் போட்டி நடக்கிறது.

இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று மட்டும் எழுதிவிடுவது எளிது, ஆனால் முறையன்று. சுரங்கம் போன பின் தங்கவயல்காரரின் தேவைகள் மாறிவிட்டன. லைன் வீட்டுக்கு உரிமைப் பத்திரம், குடிநீர், சயனைடு மண்மேடுகளிலிருந்து கிளம்பும் தூசுக்குத் தீர்வு, விடியுமுன் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர்க்கு ரயில் ஆகியவையே இன்றைய கோரிக்கைகள். இவற்றுள் பல மாநில அரசின் வாயிலில் நிற்க வைப்பவை. பெரிய கட்சியின் உறுப்பினர் வேண்டும் என்ற எண்ணம் அத்தேவையிலிருந்து பிறப்பது இயல்பே. சேர்க்கப்பட்ட சிற்றூர்களின் உழவர்க்கும் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சமமாக உண்டு.

எனினும் இழந்தது இன்னதென்று குறித்துவைப்பது வரலாற்றின் கடமை. தங்கவயலின் அரசியலை எவரும் தடைசெய்யவில்லை. எவருடைய வாக்கும் பறிக்கப்படவில்லை. முதலில் இரண்டு வாக்கு ஒன்றாயிற்று. பின்னர் தொழில் போயிற்று. இறுதியில் எல்லைக்கோடு நகர்ந்தது. மூன்றும் சட்டப்படி, முறைப்படி நடந்தவை. அவற்றின் முடிவில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மாநிலத்தின் போக்குக்கு மாறாக ஒலித்த ஒரு சமூகத்தின் குரல், வாக்கு எண்ணிக்கைப் பட்டியலில் தனியே பிரித்தறிய முடியாததாயிற்று. கோரமண்டல் நிலையத்தில் ரயில் ஏறுவோர் இன்றும் தமிழிலேயே பேசிக்கொள்கின்றனர். தேர்தல் முடிவுகளில்தான் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.