ஆஷியம்மாவின் மண்ணெண்ணெய் விளக்கு

அறிஞர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்களுடைய ஆசிரியர்களின் பெயர்களைத் தேடுகிறோம். அன்னையரை அரிதாகவே நினைக்கிறோம். ஹிஜ்ரி 150-இல் காஸாவில் பிறந்து, தந்தையை இழந்த குழந்தையை மக்காவுக்கு அழைத்துச் சென்று கல்வி பெறச் செய்தவர் தாயார்தாம். அக்குழந்தையே இமாம் ஷாஃபிஈ (ரஹ்). நம் தமிழ் மண்ணிலும் அத்தகைய தாய் ஒருவர் வாழ்ந்தார்.

1931 அக்டோபர் 15 அன்று இராமேசுவரத்தில் ஜைனுலாப்தீன், ஆஷியம்மா தம்பதியருக்குப் பிறந்தவர் அப்துல் கலாம். அவர்கள் வீட்டில் அன்று மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கும் இரவு 7 முதல் 9 மணி வரையே எரியும். மகனின் ஆர்வத்தைக் கண்ட தாயார், 11 மணி வரை படிக்கத் தனி விளக்கு ஒன்றைத் தந்தார். அவருடைய கணித ஆசிரியர், குளித்து வராத மாணவரை ஏற்கமாட்டார். ஆகவே மகனுக்கு முன்பே எழுந்து, 4 மணிக்கு அவரை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புவதும் ஆஷியம்மாவின் பணியாயிற்று. வகுப்பு முடிந்து திரும்பியதும் தந்தையார் தொழுகைக்கும் குர்ஆன் ஓதவும் அழைத்துச் செல்வார்.

இரண்டாம் உலகப் போரின் பங்கீட்டுக் காலம் அது. ஒருநாள் தாயார் சப்பாத்தியை இட இட, சிறுவர் கலாம் உண்டுகொண்டே இருந்தார். பிறகு அண்ணன் அவரைத் தனியே அழைத்து, உம்மா தம் பங்கையும் உனக்கே இட்டுவிட்டார் என்று கண்டித்தார். உடல் நடுங்க ஓடிச்சென்று தாயைக் கட்டிக்கொண்டதாகக் கலாம் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார்.

மகன் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, அக்கா ஜொஹரா தம் நகைகளை அடகு வைத்தார். அவ்வீட்டுப் பெண்களின் தியாகம் வீண்போகவில்லை. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் சேர்த்த எஸ்.எல்.வி-3 திட்டத்தின் இயக்குநர் கலாமே. ஏவுகணைக்காக உருவான எடை குறைந்த பொருளைக் கொண்டு, போலியோவால் கால் பாதித்த குழந்தைகளுக்கு இலகுவான தாங்கு கருவிகள் அமையவும் அவர் வழிசெய்தார்.

ஆஷியம்மா விண்வெளி அறிவியல் கற்றவர் அல்லர். தம்மிடம் இருந்த எண்ணெயையும் உறக்கத்தையும் உணவையும் மகனின் கல்விக்குக் கொடுத்தார், அவ்வளவே. நம் மாத்தூரிலும் மணலியிலும் எண்ணூரிலும், பிள்ளையின் படிப்புக்காகத் தம் பங்கைச் சத்தமின்றிக் குறைத்துக்கொள்ளும் தாய்மார் எத்தனையோ பேர். தாய் கேட்கமாட்டார், பிள்ளைதான் கவனிக்க வேண்டும். அன்று அந்த அண்ணன் சொல்லியிராவிட்டால் தம்பிக்குத் தெரிந்திராது. ஆகவே பாடத்தோடு இதையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்: தட்டில் கை வைக்குமுன், “உம்மா, உங்களுக்கு இருக்கிறதா?” என்று கேட்கட்டும்.