முன்சக்கர நடுக்கம்: உயர்த்தப்பட்ட ஜீப்புகளும் ஒரு பழைய பொறியியல் சிக்கலும்

முன்சக்கர நடுக்கம் என்பது ஓடும் வாகனத்தின் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக விரைவாக அதிர்ந்து, அந்த அதிர்வு ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சட்டகம் ஆகியவற்றுக்கும் பரவும் நிலையாகும். ஆங்கிலத்தில் இதனை 'ஷிம்மி' என்பர். முதல் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவில் பரவிய ஷிம்மி என்னும் நடனத்தின் பெயரே இவ்வதிர்வுக்கும் வழங்கலாயிற்று. இதன் கடுமையான வடிவத்தை இன்றைய ஜீப் ஓட்டுநர்கள் 'டெத் வாபிள்' (மரண ஆட்டம்) என்கின்றனர். தரையிலிருந்து கூடுதலாக உயர்த்தப்பட்ட, இரு முன்சக்கரங்களையும் ஒரே திட அச்சு இணைக்கும் வாகனங்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

தோற்றம்

தொடக்ககாலக் கார்களில் முன்சக்கரங்கள் ஒரே திட அச்சில் பொருத்தப்பட்டு, அவ்வச்சு பட்டை வில்களின் (பட்டா) மீது தாங்கப்பட்டது. வில்கள் விறைப்பாகவும், டயர்கள் ஒடுங்கியும், காற்றழுத்தம் மிகுந்தும் இருந்தன. பயணம் குலுக்கல் நிறைந்ததாக இருந்தாலும் சக்கர நடுக்கம் பெரிய சிக்கலாகவில்லை.

1923-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 'பலூன்' டயர்களை அறிமுகப்படுத்தியது. இவை அகன்றவை, பழைய டயர்களின் அழுத்தத்தில் ஏறத்தாழ பாதியளவு காற்றிலேயே இயங்கின. இதே ஆண்டுகளில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தும் வழக்கம் பரவியது. இவ்விரு மாற்றங்களால் முன்சக்கரங்களின் எடை கூடியது. டயர்களும் பக்கவாட்டில் எளிதாக நெளிந்தன. பயணம் மென்மையானது, ஆனால் முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கின.

காரணம் அறியப்பட்ட விதம்

திட அச்சில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. சுழலும் சக்கரம் பம்பரத்தைப் போன்றது. அதன் அச்சைச் சாய்த்தால், சாய்த்த திசைக்குச் செங்குத்தான திசையில் திரும்ப முயலும். எனவே மேடு தந்த சாய்வு சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்புகிறது. அந்தத் திருப்பம் மீண்டும் அச்சைச் சாய்க்கிறது. இவ்வாறு ஒன்றையொன்று தூண்டும் இரு அசைவுகளுக்கு, வாகனத்தின் முன்னோக்கிய ஓட்டமே டயரின் வழியாக ஆற்றலைத் தருகிறது. ஆகவே, ஒரு முறை தொடங்கிய நடுக்கம் சாலை சமமான பின்னும் அடங்குவதில்லை. பொறியாளர்கள் இதனைத் தன்தூண்டல் அதிர்வு என்பர்.

1931-ல் பெக்கர், ஃப்ரோம், மாருன் ஆகியோர் கார் ஸ்டீயரிங் அதிர்வுகளைப் பற்றிய ஆய்வு நூலைப் பெர்லினில் வெளியிட்டனர். 1941-ல் ஷ்லிப்பே, டீட்ரிச் ஆகிய இருவர் விமானச் சக்கரங்களின் நடுக்கத்தை விளக்க, டயரை இழுத்துக் கட்டிய ஒரு நாணாகக் கருதும் கணித மாதிரியை அளித்தனர். இம்மாதிரி பிற்கால டயர் ஆய்வுகளுக்கு அடிப்படையாயிற்று.

திட அச்சின் விலகல்

இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922-ல் காட்சிக்கு வைத்த 'லாம்ப்டா' காரில் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே இயங்கின. அமெரிக்காவில் இம்மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிய இந்த ஆங்கிலப் பொறியாளர் 1930-ல் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் பிரிவில் சேர்ந்தார். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு சோதனைக் காரை உருவாக்கி, பின் வில்லைவிட முன் வில் மென்மையாக இருந்தால் பயணம் சுகமாக அமையும் என்று கண்டறிந்தார். ஆனால் திட அச்சுக்கு மென்மையான வில் வைத்தால் நடுக்கம் பெருகியது. சுகமும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றபோது, திட அச்சைக் கைவிடுவதே வழியாயிற்று. 1934-ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனை அறிமுகப்படுத்தியது. பின்வந்த ஆண்டுகளில் பயணிகள் கார்களிலிருந்து முன்புறத் திட அச்சு மெல்ல மறைந்தது.

ஜீப்பில் நிலைத்த திட அச்சு

1941-ல் தயாரிப்புக்கு வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப் திட அச்சையும் பட்டை வில்லையும் கொண்டிருந்தது. உறுதியானது, எளிதில் பழுது பார்க்கத்தக்கது, ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மறுசக்கரத்தைத் தரையில் அழுத்துவது என்னும் காரணங்களால் கரடுமுரடுப் பாதை வாகனங்களில் திட அச்சு நிலைத்தது.

வில்லின் வகை மட்டும் மாறியது. 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர், 1984 மாடலாக வந்த ஜீப் செரோக்கி, 1997 மாடலாக வந்த ஜீப் ரேங்லர் ஆகியவை திட முன் அச்சுக்குச் சுருள் வில்களைப் பயன்படுத்தின. பட்டை வில் எடையைத் தாங்குவதோடு அச்சைப் பக்கவாட்டில் நகராமலும் பிடித்து வைக்கிறது. சுருள் வில்லால் அது முடியாது. ஆகவே அச்சின் ஒரு முனையைச் சட்டகத்தின் எதிர்ப்பக்கத்தோடு இணைக்கும் 'டிராக் பார்' என்னும் கம்பி தேவைப்பட்டது. இதற்குப் பான்ஹார்ட் கம்பி என்றும் பெயருண்டு. பக்கவாட்டு விசை முழுவதும் இக்கம்பியின் இரு முனைகளில் குவிவதால், அங்கே சிறு தளர்ச்சி ஏற்பட்டாலும் அச்சு இடமும் வலமும் ஆடத் தொடங்கும்.

உயர்த்துவதன் விளைவுகள்

பெரிய டயர்களுக்கு இடம் தரவும், அடிப்பகுதி பாறையில் மோதாமல் காக்கவும் நீண்ட வில்களைப் பொருத்தி வாகனத்தை உயர்த்துகின்றனர். வில் மட்டும் நீண்டு மற்ற உறுப்புகள் பழைய அளவிலேயே இருந்தால் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவது, அச்சைப் பிடிக்கும் கைகளின் நீளம் மாறாததால் அச்சு சற்றே முன்னோக்கிச் சுழன்று, காஸ்டர் கோணம் குறைகிறது. மிதிவண்டியின் முன் கவை சாய்ந்திருப்பதால் சக்கரம் தானாக நேராவதைப் போன்றதே காஸ்டரின் பயனும். அது குறைந்தால் ஸ்டீயரிங் அலையும். கைகளை மாற்றிக் காஸ்டரை மிகையாகக் கூட்டினால், முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டின் மூட்டுக் கோணம் கெட்டு வேறோர் அதிர்வு தோன்றும்.

இரண்டாவது, டிராக் பார் செங்குத்தாகச் சாய்வதால் அச்சு ஒரு பக்கமாக இழுக்கப்படுகிறது. டிராக் பாரும் ஸ்டீயரிங்கின் 'டிராக் லிங்க்' கம்பியும் ஏறத்தாழ இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும்.

மூன்றாவது, எடை மிகுந்த டயர்களும் வெளித்தள்ளிய ரிம்களும் எல்லா மூட்டுகளின் மீதும் கூடுதல் விசையைச் செலுத்துகின்றன. பழைய டயரில் வெளித்தெரியாத தேய்மானம் புதிய டயரில் நடுக்கமாக வெளிப்படுகிறது.

பழுதறியும் முறை

முதலில் நடுக்கத்தின் இயல்பைப் பிரித்தறிய வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, வேகம் கூடினால் குறையும் சீரான அதிர்வு பெரும்பாலும் டயரின் சமநிலைக் குறைவாலும் ரிம் கோணலாலும் வருவது. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு மேட்டிலோ பாலத்தின் இணைப்பிலோ ஏறியதும் திடீரெனத் தொடங்கி, வேகத்தை வெகுவாகக் குறைத்தால் மட்டுமே அடங்கும் ஆட்டமே 'டெத் வாபிள்'.

பின்னர்ச் சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் திருப்ப, மற்றொருவர் கீழே ஒவ்வொரு மூட்டையும் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் சோதிக்கிறார். டிராக் பாரின் இரு முனைகள், அவற்றின் போல்ட் துளைகள், டை ராட் முனைகள், ஸ்டீயரிங் பெட்டி சட்டகத்தில் பொருந்தும் இடம் ஆகியவை இதில் அடங்கும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் போல்ட்டை இறுக்குவதால் பயனில்லை. அதன்பின் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்து, பால் ஜாயிண்ட்டையும் வீல் பேரிங்கையும் சோதிக்க வேண்டும். மூட்டுகளில் தளர்ச்சி இல்லை என்று உறுதியான பிறகே காஸ்டர், டோ-இன் அளவுகளை அளப்பது பொருத்தமாகும்.

ஸ்டீயரிங் டேம்பர் பற்றிய விவாதம்

சக்கரத்தின் அசைவைத் தணிக்கும் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றினால் பல வாகனங்களில் ஆட்டம் நின்றுவிடும். 2019-ல் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனமும் அக்காலத்துப் புதிய ரேங்லர்களின் நடுக்கத்துக்குத் தீர்வாக மேம்படுத்திய டேம்பரைப் பொருத்தித் தந்தது. ஆயினும் மாற்றியமைத்த வாகனங்களில் இதனை முதல் தீர்வாகக் கொள்வது ஆபத்தானது. டேம்பர் அதிர்வின் ஆற்றலை உறிஞ்சுமேயன்றி, தேய்ந்த மூட்டைச் சரிசெய்யாது. தேய்மானம் மறைவிலேயே வளர்ந்து, டேம்பர் தளரும் நாளில் முன்னிலும் கடுமையாக வெளிப்படும். மூட்டு கழன்றால் ஸ்டீயரிங் கட்டுப்பாடே இல்லாமற்போகும்.

1920-களில் டயர் மட்டும் மாறி அச்சும் ஸ்டீயரிங்கும் மாறாதிருந்ததால் எழுந்த சிக்கல், இன்று வில் மட்டும் மாறி மற்றவை மாறாதிருக்கும் வாகனங்களில் மீண்டும் எழுகிறது. டயர், வில், அச்சு, ஸ்டீயரிங் ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் அமைப்பு என்பதையே ஏறத்தாழ நூறாண்டு கால இவ்வரலாறு காட்டுகிறது.