பாக்ஸ்டின் தாளும் பரதத்தின் விசிறியும்

ரஷ்ய ஓவியர் லியோன் பாக்ஸ்ட் வரைந்த நாடக உடை ஓவியங்களில், பெண்கள் வெறுமனே நிற்பதில்லை. வளைகிறார்கள், சுழல்கிறார்கள், மேலாடை காற்றில் எழுகிறது. பென்சில் கோட்டின்மேல் நீர்வண்ணம், நகைகளுக்குப் பொற்பூச்சு. துணி எங்கே தொங்க வேண்டும், எங்கே பறக்க வேண்டும் என்பதை அளவுக் குறிப்பு சொல்லாது. இந்த ஓவியம் சொல்லிவிடும். அடியிலுள்ள வெண்மை தெரியும்படி பூசிய நீர்வண்ணத்தைப் பார்த்தாலே மெல்லிய துணிதான் வேண்டும் என்று தையற்காரருக்குப் புரிந்துவிடும்.

1912இல் பாரிஸில் ஆடப்பட்ட ‘நீலக் கடவுள்’ பாலேவுக்கு அவர் தீட்டிய இந்தியா கற்பனை இந்தியாதான். ஆனால் அவர் உடை வரைந்த 1909ஆம் ஆண்டு ‘கிளியோபாட்ரா’வில் ஆடியவர்களுள் அன்னா பாவ்லோவாவும் ஒருவர். பின்னாளில் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவியை இந்தியக் கலையின் பக்கம் திருப்பியவர் அந்தப் பாவ்லோவாவே.

1935இல் அடையாற்றில் மேடையேறிய ருக்மிணி தேவி, உடைக்காகக் கோயில் சிற்பங்களைக் கூர்ந்து பார்த்தார். மேடம் கசான் என்ற இத்தாலியத் தையற்கலைஞர் துணைநின்றார். பரதத்தின் பழைய வடிவமான சதிர் மரபில் சுற்றிக் கட்டிய சேலை, இங்கே தைத்த உடையாயிற்று. இதன் உயிர் விசிறி மடிப்பு. நிமிர்ந்தால் மூடும், அரைமண்டியில் அமர்ந்தால் ஜரிகைக் கரையோடு விரியும். பாக்ஸ்ட் தாளில் தேடிய அசைவு, இங்கே மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. அதனாலேயே இதை அவருடைய ஓவியங்களுக்குக் குறையாத வடிவமைப்பு என்பேன்.

இத்தகைய வடிவமைப்பைத் தாளில் பதிந்து வைக்க வேண்டாமா? சென்னையை அடுத்து ராணுவச் சீருடை தைக்கும் ஆவடியிலும், ஏற்றுமதி ஆடை தைக்கும் அம்பத்தூரிலும் வெட்டுக் காகிதத்தின் அருமை தெரிந்த கட்டிங் மாஸ்டர்கள் பலர். நடன உடை தைப்பவர்களின் அறிவோ பெரும்பாலும் கைப்பழக்கமாகவே தொடர்கிறது. பாக்ஸ்டின் தாள்களை அருங்காட்சியகங்கள் காக்கின்றன. பூந்தமல்லி வரை பரவியுள்ள நம் நடனப் பள்ளிகளும், அரங்கேற்றத்துக்குத் தைக்கும் ஒவ்வோர் உடைக்கும் இரண்டு வண்ணப்படங்கள் வரைந்து வைக்கலாம்: ஒன்று நின்ற நிலையில், மற்றொன்று அரைமண்டியில். மடிப்பின் எண்ணிக்கையும் கரையின் அகலமும் ஓரத்தில் எழுதி, தைத்தவர் பெயரையும் கீழே குறித்துவிட வேண்டும்.