ஈயச் சிப்பாயின் காலடி மண்

பொழுதுபோக்குகளின் வரலாற்றைப் பேசும் இந்த அரங்கிற்கு நான் ஒரு பொம்மையோடு வந்திருக்கிறேன். இதன் உயரம் 28 மில்லிமீட்டர். கட்டைவிரலின் மேல் கணு அளவுதான் இருக்கும். ஆனாலும் சட்டையில் பொத்தான் உண்டு, இடுப்பில் வார் உண்டு, காலடியில் மண்ணும் புல்லும் உண்டு. இப்படி நூற்றுக்கணக்கான பொம்மைகளுக்கு வர்ணம் பூசி, பீடத்தில் நிறுத்தி, மேசைமேல் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் சிலரும் ஆடுகிறார்கள்.

இந்த உரைக்காகத் தகவல் திரட்டியபோது ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, என் மகன் ராத்திரியெல்லாம் தூங்காமல் இதற்கு வர்ணம் அடித்துக்கொண்டு இருக்கிறானே, இது பிள்ளைகளுக்குச் சண்டையைத்தானே சொல்லிக்கொடுக்கிறது?" நியாயமான கேள்விதான். உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வரலாற்றைப் புரட்டிப் பார்த்த பிறகு சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

சதுரங்கத்தில் தொடங்கிய பாதை

போரை மேசைமேல் கொண்டுவந்த பெருமை நம் பாரதத்திற்கு உண்டு. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படைதான் சதுரங்கம். அது பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்று செஸ் ஆனது. 1780இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரைச் சேர்ந்த ஹெல்விக் என்ற அறிஞர், செஸ் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, நீர்நிலை என்று வர்ணம் தீட்டி, ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். பிரஷ்ய நாட்டின் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812இல் நிலப்பரப்பைக் காட்டும் ஓடுகள் கொண்ட மேசை ஒன்றைத் தம் மன்னருக்குக் காட்டினார். 1824இல் அவருடைய மகன், ஒரு ராணுவ அதிகாரி, அதை வரைபடத்தின்மேல் ஆடும் பயிற்சியாக மாற்றினார். தங்கள் படைக்கு நீல வில்லை, எதிரிப் படைக்குச் சிவப்பு வில்லை. இன்றைக்கும் ராணுவப் பயிற்சிகளில் நீலப் படை, சிவப்புப் படை என்று சொல்வது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

அந்த வில்லைகளுக்கு முகம் கிடையாது. முகமுள்ள சிப்பாய் வேறொரு பட்டறையிலிருந்து வந்தான்.

வீட்டுத் திண்ணையில் வர்ணம்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்பெர்ட் என்ற கைவினைஞர் வெள்ளீயமும் காரீயமும் கலந்து தட்டையான சிப்பாய்களை வார்த்தார். கற்பலகையில் குழிவாகச் செதுக்கிய அச்சில் உலோகத்தை ஊற்றுவார்கள். வெளியே வரும் சிப்பாய் தகடுபோல் மெலிந்திருப்பான். ஈய லம்பங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த மலேசிய வாசகர்களுக்கு இந்த உலோகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1839இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் அதே ஊரில் தொழில் தொடங்கியபின், 30 மில்லிமீட்டர் உயரம் என்பது இந்தத் தட்டைப் பொம்மைகளின் பொதுவான அளவானது. பொம்மைகளை எடைபோட்டு, மெல்லிய மரப்பெட்டிகளில் விற்றார்கள்.

வார்ப்பது பட்டறையில். ஆனால் வர்ணம் பூசியது பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களின் வீடுகளில். பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து, எண்ணிக்கைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, ஒருவர் சட்டையும் இன்னொருவர் தொப்பியுமாகத் தீட்டினார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளையின் மேசையில் நின்ற படைக்குப் பின்னால் ஓர் ஏழைப் பிள்ளையின் தூக்கம் இருந்தது. இன்று மகன் தூங்காமல் வர்ணம் பூசுகிறான் என்று நாம் கவலைப்படுகிறோம். அன்று அது வயிற்றுப்பாடு.

1893இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் ஒரு புதிய உத்தியைக் கொண்டுவந்தார்கள். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் உறைந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெறுமையான, எடை குறைந்த சிப்பாய் கிடைப்பான். உலோகச் செலவு குறைந்தது, ஜெர்மானியப் பொம்மைகளோடு விலையில் போட்டியிட முடிந்தது. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தப் பொம்மைகளின் காலடித் தகட்டைப் பாருங்கள். பொதுவாக ஒரே பச்சை வர்ணம். எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் எல்லாரும் நின்றது ஒரே இங்கிலாந்துப் புல்வெளியில்தான்.

வாட்டர்லூவில் காணாமல் போனவர்கள்

ஒரு பொம்மையை எங்கே நிறுத்துவது என்பது பெரிய வழக்காக மாறிய கதை ஒன்று உண்டு. 1815 ஜூன் 18ஆம் நாள் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார். அந்தப் போரின் மாதிரியைச் செய்யும் பணி 1830இல் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிக்குக் கிடைத்தது. அவர் போர்க்களத்திலேயே மாதக்கணக்கில் தங்கி, மேடு பள்ளம், வேலி, வயல் எல்லாவற்றையும் அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, "மாலை ஏறக்குறைய 7 மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது? உங்கள் முன்னால் என்ன பயிர் இருந்தது?" என்ற பொருளில் கேட்டார். பயிரையும் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். காலடி மண்ணையும் சரியாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. அவற்றைக் கொண்டு 70,000க்கும் மேற்பட்ட சிறு உருவங்களை நிறுத்தினார். அங்கேதான் சிக்கல் பிறந்தது. அந்த மாலையில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுக்குத் துணையாக வந்த பிரஷ்யப் படை, பெரும் எண்ணிக்கையில் களத்தில் இறங்கிவிட்டிருந்தது என்று சைபோர்ன் முடிவுக்கு வந்தார். அப்படிக் காட்டினால் வெற்றியின் பெருமையைப் பங்குபோட வேண்டியிருக்கும். வெலிங்டனின் வட்டாரத்தில் அது பிடிக்கவில்லை. ஏற்கெனவே அரசாங்கப் பணம் நின்றுபோய், சைபோர்ன் கடனில் இருந்தார். கடைசியில் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும் பகுதியை அவர் அகற்ற நேர்ந்தது.

1838இல் லண்டனில் அந்த மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஏறக்குறைய 100,000 பேர் பார்த்தார்கள். சைபோர்னின் கடன் மட்டும் தீரவில்லை. அவர் 1849இல் காலமானார். மாதிரி இன்று லண்டனில் உள்ள தேசிய ராணுவ அரும்பொருளகத்தில் இருக்கிறது. விரல்நகம் அளவுள்ள ஈயத் துண்டுகள்தாம். ஆனால் அவற்றை எடுத்தபோது ஒரு நாட்டின் பங்கும் சேர்ந்தே எடுக்கப்பட்டது.

பெட்டிக்குள் ஒரு மதராஸ் சிப்பாய்

இந்தக் கதையில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டன் நிறுவனம் வெளியிட்ட பொம்மைப் பெட்டிகளில் ஒன்று, மதராஸ் காலாட்படை. தலைப்பாகை, செந்நிறச் சட்டை, பழுப்பு முகம். லண்டன் தொழிலாளிப் பெண்கள், தாங்கள் பார்த்தே இராத மனிதர்களுக்கு வர்ணம் பூசினார்கள். எல்லா முகத்திற்கும் ஒரே பழுப்பு. அந்தப் படைகளில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் இருந்தார்கள். தூரிகைக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆங்கிலேயப் பிள்ளையின் மேசையில் அவர்கள் பேரரசின் ஓரத்தில் நிற்கும் அழகுப் படை.

எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை எழுதினார். பொம்மைப் பீரங்கியால் சுட்டு எதிரிச் சிப்பாயை வீழ்த்த வேண்டும். அதே நூலின் முடிவில், இப்படி மூன்று நான்கு முறை ஆடிப்பார்த்தாலே உண்மையான போர் எவ்வளவு மடத்தனமானது என்பது விளங்கிவிடும் என்ற கருத்தையும் வைத்தார். மறு ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. எந்தத் தளபதியும் அந்தப் புத்தகத்தைப் படித்துத் திருந்தியதாகத் தெரியவில்லை.

பீடம் பேசத் தொடங்கியது

1959இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் மலிவான பிளாஸ்டிக் சிப்பாய்களைக் கொண்டுவந்தது. ஈயம் பிள்ளைகளின் உடலுக்கு நஞ்சு என்பதால் 1966இல் பிரிட்டனின் ஈயப் பொம்மைத் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. ஆனால் பெரியவர்களின் மேசையில் விளையாட்டு தொடர்ந்தது. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' என்ற நூல் பலரை இந்தப் பக்கம் இழுத்தது.

இந்தக் காலத்தில்தான் பீடத்திற்கு ஒரு மொழி பிறந்தது. பழங்காலப் போர்களுக்காக 1990இல் வெளிவந்த டிபிஏ என்ற விதிகளைப் பாருங்கள். 15 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு 40 மில்லிமீட்டர் அகலப் பீடம். அதன்மேல் 4 பேர் தோளோடு தோள் நின்றால், நெருங்கிய அணிவகுப்பில் போரிடும் கனத்த காலாட்படை. 3 பேர் என்றால் சற்றுத் தளர்ந்து நகரும் படை. 2 பேர் மட்டும் இடைவெளிவிட்டு நின்றால், கல்லெறிந்துவிட்டு ஓடும் இலகுவான வீரர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கவே வேண்டாம், பீடத்தைப் பார்த்தாலே படையின் இயல்பு புரிந்துவிடும்.

1983இல் வந்த வார்ஹேமர் என்ற கற்பனைப் போர் விளையாட்டு, ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனி பீடத்தில் நிறுத்தும் வழக்கத்தை இளைஞர்களிடையே பரப்பியது. 1987இல் அதற்கென ஒரு வர்ணப் போட்டியும் தொடங்கியது. எண்ணெய் கலந்த வர்ணங்களின் இடத்தை, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணங்கள் பிடித்தன. ஈயம் கழிந்து, வெள்ளீயக் கலவையும் பிளாஸ்டிக்கும் நிலைத்தன. அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2024 டிசம்பரில் பிரிட்டனின் 100 பெரிய பங்கு நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அடிப்பூச்சு. நம் ஊர் ஈரக்காற்றில், மழை நேரத்தில் இதைத் தெளித்தால் பொம்மைமேல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும், வெயில் வரும்வரை காத்திருப்பது நல்லது. அடுத்து, தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சாக இரண்டு தடவை அடிப்படை நிறம். பிறகு நீர்த்த கருநிறத்தை ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகும். கடைசியாக, வர்ணத்தைத் துடைத்தெடுத்த காய்ந்த தூரிகையால் மேடான இடங்களைத் தடவினால் வெளிச்சம் கிடைக்கும். பீடத்தில் வெள்ளைப் பசை தடவி மணலைத் தூவி, காய்ந்தபின் மண் நிறம் பூசி, செயற்கைப் புல்லை ஒட்ட வேண்டும். பாலைவனமா, பனியா, சேறா என்பதை இந்த இடத்தில்தான் முடிவு செய்கிறோம்.

நம் மண் எந்த நிறம்?

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன்.

1831இல் மலாக்காவை அடுத்த நானிங்கில் ஒரு போர் மூண்டது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகத் தர வேண்டும் என்று ஆங்கிலேயர் கேட்டார்கள். நானிங் தலைவர் டோல் சைட் மறுத்தார். அவரை அடக்க அனுப்பப்பட்டவர்கள் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்கள். வழிநெடுக மரங்களை வெட்டிச் சாய்த்து நானிங் மக்கள் தடுத்தார்கள். முதல் படை பின்வாங்கியது. 1832இல் பெரிய படை சென்றுதான் நானிங் வீழ்ந்தது. அதில் பணியாற்றிய பெக்பி என்ற மதராஸ் பீரங்கிப் படை அதிகாரி எழுதிய நூல் 1834இல் சென்னை வேப்பேரியில் அச்சானது.

இந்தப் போரை ஒருவர் மேசைமேல் கொண்டுவர நினைத்தால் என்ன ஆகும்? 1831இன் சிப்பாய் என்ன உடுத்தினான் என்று தேட வேண்டும். நூற்றாண்டு இறுதியின் பொம்மைப் பெட்டியைப் பார்த்து வர்ணம் பூசினால் தவறாகிவிடும். பீடத்தில் இங்கிலாந்துப் புல் ஆகாது, செம்மண்ணும் சாய்ந்த மரமும் வேண்டும். அதைவிட முக்கியம், மேசையின் இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். ஒரு பக்கம், கூலிக்குக் கடல் கடந்து வந்து யாருக்காகவோ சுட்ட நம் முன்னோர். மறுபக்கம், தங்கள் நெல்லைக் காக்க நின்ற மலாய் விவசாயிகள். ஒரு பக்கத்தை மட்டும் பளபளப்பாகத் தீட்டிவிட்டு மறுபக்கத்தை எடுத்துவிட்டால், சைபோர்னுக்கு நேர்ந்ததை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம்.

அம்மா, வெறுமனே வாங்கி, வெறுமனே மோதவிட்டால் இது சண்டைதான். உங்கள் மகன் இரவில் விளக்கடியில் குனிந்து ஒரு முகத்திற்கு வர்ணம் பூசும்போது, "இவன் யாருப்பா? எந்த ஊர்க்காரன்? எதற்காக அங்கே போனான்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவனுக்குப் பதில் தெரிந்திருந்தால் தூங்கச் சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள். தெரியாவிட்டால், மறுநாள் அவனை நூலகத்திற்கு அழைத்துக்கொண்டு போங்கள்.