சமாரியனுக்கு ‘நல்ல’ பட்டம் யார் குடுத்தது?

நல்ல சமாரியன் கதை எல்லாருக்கும் தெரியும். விழுந்து கிடக்கிறவனைத் தூக்கிவிடு, அவ்வளவுதானே எண்டு முடிச்சிடுவோம். ஆனால் அதைச் சொல்ல ஒரு வரி போதும். உவமை எதுக்கு?

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் சட்டம் படித்த ஒருவர், தன் அயலான் யார் என்று இயேசுவிடம் கேட்கிறார். யாரை நேசிக்க வேணும், யாரை விட்டுவிடலாம் என்ற கணக்கு அது. பதிலுக்குக் கதை வருகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வனாந்தரப் பாதையில் கள்ளர் அடித்துப்போட்ட ஒருவன். குரு விலகிப் போகிறார், லேவியரும் விலகிப் போகிறார். அடுத்து ஒரு சாதாரண யூதன் வருவான் என்றுதான் சனம் நினைத்திருக்கும். வந்தது சமாரியன்.

இரு தரப்புக்கும் மோசேயின் சட்டம் பொதுவானது. வணங்கும் இடத்தில்தான் சண்டை. கெரிசீம் மலையிலிருந்த சமாரியரின் கோயிலை, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யூதத் தலைமைக் குருவும் ஆட்சியாளருமான யோவான் ஹிர்கானு இடித்தார். அந்தக் காயம் ஆறவே இல்லை. லூக்காவின் கதையில் ‘நல்ல’ என்ற சொல்லும் இல்லை. அது பிறகு ஒட்டின பட்டம்.

பிற்காலத்தில் வந்தவர்களும் இதை விளக்கி முடிக்கப் பார்த்தார்கள். அகுஸ்தீனுக்கு அடிபட்டவன் ஆதாம், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அறிஞர் யூலிஹர் அந்த முறையை மறுத்து, ஒரு உவமைக்கு ஒரு கருத்துத்தான் என்றார். 1935இல் சி. எச். டொட், உவமை கேட்கிறவரைச் சந்தேகத்தில் விட்டு, தானே யோசிக்க வைக்கும் என்று எழுதினார். எனக்கு இதுதான் கிட்டவாகப் படுகிறது.

ஏனென்றால் இயேசு கேள்வியையே திருப்பிப் போடுகிறார்: விழுந்தவனுக்கு அயலானாக இருந்தது யார்? இப்ப கேட்டவர் நிற்பது உதவி செய்கிறவனின் இடத்தில் இல்லை. அடிபட்டுக் கிடக்கிறவனின் பக்கத்தில். அவர் ‘சமாரியன்’ என்றுகூடச் சொல்லவில்லை, இரக்கம் காட்டினவன் என்று சுத்திவளைக்கிறார்.

‘உதவி செய்’ எண்டால் நாங்கள் சுகமாகத் தலையாட்டலாம். தெருவோரம் கிடக்கேக்க யாருடைய கை எங்களைத் தொடக்கூடாது எண்டு நினைப்போம்? எந்தச் சாதி, எந்த இனம், எந்த மதம்? அந்தப் பெயர் மனசில் வந்த பிறகுதான் கதை தொடங்குது.