பத்து டன் வண்டியில் பதினைந்து டன்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று லாரியை நம்பியே பிழைக்கும் வட்டாரத்தில் நான் எடை மேடை நடத்தினேன். வண்டி ஏறி நின்றதும் டிரைவர் கேட்பது, "மொத்தம் எவ்வளவுங்க வந்துச்சு?" என்பதுதான். பின் அச்சில் எவ்வளவு என்று கேட்டவர் அபூர்வம். ஆனால் சாலையை உடைப்பது மொத்த எடையைவிட ஒவ்வோர் அச்சும் தாங்கி நிற்கும் எடைதான்.

சட்டத்துக்கு இது தெரியும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு, மொத்த எடைக்கும் அச்சு எடைக்கும் தனித்தனியே வரம்பு கட்ட வழிசெய்தது. 1996-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி முன் அச்சுக்கு 6 டன், நான்கு டயர் பூட்டிய பின் அச்சுக்கு 10.2 டன். இரண்டையும் கூட்டினால் ஆறு சக்கர லாரிக்கு 16.2 டன். வெறும் வண்டியே சுமார் 6 டன் இருக்கும். அதைக் கழித்தால் சரக்குக்கு அன்று கிடைத்தது பத்து டன், அதாவது 50 கிலோ சிமெண்ட் மூட்டை 200.

அந்த வண்டியில் 300 மூட்டை ஏற்றி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கமான் (வில் பட்டை) கட்டில் கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்திருப்பார்கள், சைடு பலகையை உயர்த்தியிருப்பார்கள். பின் டயர்கள் தரையில் அழுந்திப் பிதுங்கி நிற்கும். முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழு வண்டியையும் ஏற்றி இன்னொரு எடை எடுத்துக் கழித்தால் பின் அச்சின் பாரம் தெரிந்துவிடும். கூடுதல் சுமையில் பெரும்பங்கு பின்னால்தான் இறங்கும். 10.2 டன் தாங்க வேண்டிய அச்சு பதினைந்துக்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கும்.

ஒன்றரை மடங்கு பாரம் என்றால் சாலைக்கு ஒன்றரை மடங்கு சேதம் என்றே எல்லோரும் நினைத்தோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊர் அருகே 1958 முதல் 1960 வரை நடந்த சோதனை வேறு கணக்கைக் காட்டியது. தனியாகப் போட்ட சாலை வளையங்களில் ராணுவ டிரைவர்கள் வெவ்வேறு பாரத்துடன் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அச்சுப் பாரம் கூடினால் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடிக்குக் கூடுகிறது என்பது அதில் தெளிவானது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. எங்கள் 300 மூட்டை வண்டியின் பின் அச்சு, சட்டப்படி ஓடும் ஐந்து வண்டிகளின் பின் அச்சுகள் செய்யும் சேதத்தை ஒற்றை நடையில் செய்துவிட்டுப் போனது.

இப்படி அதிகம் ஏற்றுவதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. வாடகை டன் கணக்கில்தான். டீசல், டயர், பைனான்ஸ் தவணை எல்லாம் பத்து டன் வாடகையில் கட்டுபடியாகாது. ஒருவர் மறுத்தால் அடுத்த வண்டி தயாராக நிற்கும். சில மாநில அரசுகளோ கட்டணம் வாங்கிக்கொண்டு கூடுதல் பாரத்துடனேயே வண்டிகளைப் போகவிட்டன. 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது. அபராதம் கட்டியதாலேயே அதிகப் பாரத்துடன் பயணத்தைத் தொடர முடியாது, மிகுதியை இறக்கியாக வேண்டும் என்றது.

பிறகு வரம்பே உயர்ந்தது. 2018 ஜூலையில் முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் பின் அச்சுக்கு 11.5 டன், இரட்டைப் பின் அச்சுக்கு 19-இலிருந்து 21 டன் என்று அறிவித்தார்கள். அதே சரக்குக்குக் குறைந்த வண்டிகள் போதும் என்றானது. அடுத்த ஆண்டு லாரி விற்பனை சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2019 செப்டம்பரில் அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 20,000 ஆனது. அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். எடை போட வண்டியை நிறுத்த மறுத்தால் 40,000.

தண்டனை சொல்லும் 194-ஆவது பிரிவு ஓட்டியவரை மட்டும் பிடிக்கவில்லை. ஓட்ட வைத்தவர், ஓட்ட அனுமதித்தவர் ஆகியோரையும் சேர்த்தே பிடிக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் சோதனைச் சாவடியில் கைகட்டி நின்றது பெரும்பாலும் டிரைவர்தான். ஆலை வாசலில் எடை போட்டுச் சீட்டு அடித்துக் கொடுத்தவர் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. அந்தச் சீட்டில் எடை அச்சாகியிருக்கும், ஏற்றியவருக்குத் தெரியாமல் பாரம் ஏறுவதில்லை.

ஆகவே சரக்கு ஏறும் இடத்திலேயே அச்சு எடையைப் பார்க்க வேண்டும் என்கிறேன். அச்சு வாரியான எடை சீட்டில் வராமல் எந்த வண்டியும் ஆலை வாசலைத் தாண்டக் கூடாது. மீறினால் முதல் அபராதம் ஏற்றியவருக்கு விழட்டும். எல்லா வண்டிக்கும் ஒரே வரம்பு உண்மையாகவே அமலானால் வரம்புக்கு உட்பட்ட பாரத்துக்கே நியாயமான வாடகை கேட்கும் தெம்பு லாரிக்காரருக்கு வரும். சாலையும் கட்டியபோது கணக்கிட்ட ஆயுளுக்கு உழைக்கும்.