பேனாக்கத்தியின் பரீட்சை

சட்டைப்பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் சிறு கத்தியைத் தமிழில் இன்றும் பேனாக்கத்தி என்றே வழங்குகின்றனர். பேனா என்பது போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல். அவர்கள் மொழியில் அது முதலில் பறவையின் இறகையே குறித்தது. இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில், அதைச் சீவுதற்கென்றே எழுந்தது இக்கத்தி. வாத்திறகின் அடித்தண்டு கொம்புபோல் உறுதியானது. அதனைச் சரிவாக அரிந்து, நுனியில் மயிரிழை போன்றதொரு பிளவை இடுதல் வேண்டும். கத்தி சிறிது மழுங்கியிருப்பினும் பிளவு கோணலாக ஓடும்; மை சொட்டும்; எழுதிய தாள் பாழாகும். ஆகவே எழுத்துத் தொழிலோர் யாவரும் கத்தி தீட்டும் வித்தையிலும் ஓரளவு வல்லவராயிருந்தனர். தமிழ் ஏட்டெழுத்தாளரும் இதற்கு விலக்கல்லர். அவர்தம் மடக்கெழுத்தாணியில் ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் ஏடு நறுக்கும் கத்தியும் ஒரே பிடிக்குள் அடங்கிக் கிடந்தன.

இத்தகைய பேனாக்கத்தியொன்று அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற கதை சுவையானது. 1794ஆம் ஆண்டில், பம்பாயிலிருந்த வைத்தியர் ஹெலெனஸ் ஸ்கொட் என்பவர், இந்திய உருக்குக் கட்டிகள் சிலவற்றை இலண்டன் றோயல் சங்கத்தின் தலைவரான சேர் ஜோசப் பாங்ஸ் அவர்களுக்கு அனுப்பிவைத்தார். தாம் அறிந்த வேறெந்த உருக்கிலும் இது கடினமாகப் பதமேறவல்லது என்பது ஸ்கொட்டின் கருத்து. பாங்ஸ் செல்வர்; தாவரவியலில் பெரும் புலமையுடையவர்; புதுமையான பொருள் எதுவாயினும் அதனைச் சோதித்துப் பார்க்காமல் விடாதவர். கட்டிகளில் ஒரு பகுதி ஜேம்ஸ் ஸ்ரோடாட் என்னும் கத்திக் கம்மியரிடம் சென்றது. அதிலிருந்து ஒரு பேனாக்கத்தி செய்து தருமாறு பாங்ஸ் அவரைக் கேட்டுக்கொண்டார். உருக்கின் தகுதியை அளவிட வாளும் வேண்டா, பீரங்கியும் வேண்டா, இறகு சீவும் கத்தி ஒன்றே போதும் என அவர் கண்டது கூர்த்த மதியே.

செய்து முடிப்பது எளிதாயிருக்கவில்லை. சாதாரண இரும்பை வெண்மை ஒளிர உலையிற் காய்ச்சி அடிக்கலாம். இவ்வுருக்கையோ அவ்வாறு காய்ச்சினால் சம்மட்டியின் கீழ் நொறுங்கிவிடும். இருட்டறையில் மட்டுமே கண்ணுக்குப் புலப்படும் மங்கிய செந்நிறத்தில் வைத்து, ஸ்ரோடாட் அதனைச் சிறுகச்சிறுக அடித்து நீட்டினார். பின்னர் தோய்ச்சலிட்டுத் தீட்டியபோது, மிகச் சிறந்த ஆங்கில உருக்கினாலான கத்திக்கு ஒப்பாக அது வெட்டியது. அடிப்பதற்கு எத்துணைக் கடினமாயினும், இதினும் மெல்லிய, வலிய, நெடுநாள் நிலைக்கும் கூர் வேறு உருக்கில் அமையாது என்றும், அறுவை வைத்தியரின் கருவிகளுக்கு இது மிக ஏற்றது என்றும் அவர் கருதினார். ஜோர்ஜ் பியர்சன் என்னும் வைத்தியர் 1795இல் றோயல் சங்கத்தில் வாசித்த கட்டுரையில் இச்சோதனை பதிவாயிற்று. ‘வூட்ஸ்’ என்ற பெயர் அச்சேறியதும் அக்கட்டுரையிலேதான். கன்னடத்தில் உருக்கைக் குறிக்கும் ‘உக்கு’ என்ற சொல்லின் திரிபே அது என்பர் பலர்.

ஸ்ரோடாட் வெறும் புகழுரையோடு நிற்கவில்லை. பல ஆண்டு ஒப்புநோக்கிப் பார்த்தபின், ஐரோப்பிய உருக்கிலும் இந்திய உருக்கையே தாம் விரும்புவதாகத் தமது கடையின் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். வணிகர் ஒருவர் தம் நாட்டுச் சரக்கைத் தாழ்த்திப் பிறநாட்டுச் சரக்கை உயர்த்துவது அரிது. பேரரசு பெருகிவந்த அக்காலத்தில் அது இன்னும் அரிது.

இவ்வுருக்கைச் செய்தோர் யாவர்? தென்னிந்தியாவின் பல பகுதிகளில், தலைமுறை தலைமுறையாக இதனையே தொழிலாகக் கொண்ட கொல்லர்கள். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங் கட்டையின் சிம்புகளைச் சேர்த்து, பச்சிலையால் மூடி, களிமண் மூசைக்குள் அடைத்து, காற்றுப்புகா வண்ணம் பூசி, மணிக்கணக்காக உலையில் வைத்தனர். உள்ளிருந்த மரம் கரியாகி இரும்பிற் கலந்தது. இரும்பு உருகிக் கட்டியாயிற்று. நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு காபன் அதில் அடங்கியிருந்தது. அந்தக் கொல்லருள் ஒருவர் பெயரும் பியர்சனின் கட்டுரையில் இல்லை.

இதன் இரகசியத்தைத் தேடிப் புறப்பட்டவருள் தலையாயவர் மைக்கல் பரடே. மின்னியலுக்கு அவர் ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்ததே. அவர் ஒரு கொல்லரின் மகன் என்பதைப் பலர் அறியார். 1819இல் வூட்ஸ் உருக்கைப் பகுத்தாய்ந்த அவர், அதன் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்காவும் காரணமாகலாம் என எண்ணினார். அவ்வெண்ணம் பிழையாயிற்று. ஆயினும் பிழையான அவ்வழியே சென்றுதான் அவரும் ஸ்ரோடாட்டும் வெள்ளி, பிளாற்றினம், உரோடியம் முதலியவற்றை உருக்கோடு கலந்து பார்த்தனர். ஐந்நூறு பங்கு உருக்குக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்த கலப்பு நல்ல கூர் தந்தது. தாம் உருக்கிய கலப்புலோகத்தாலான சவரக் கத்திகளைப் பரடே நண்பர்க்குப் பரிசாக வழங்குவாராம். 1823இல் ஸ்ரோடாட் இறந்தார். சிறிது காலத்தில் பரடேயும் இவ்வாராய்ச்சியைக் கைவிட்டார். அவர் விட்டுச்சென்ற பெட்டியிலிருந்த 79 துண்டுகளை, சேர் றொபேட் ஹாட்பீல்ட் பின்னாளில் ஆராய்ந்து 1931இல் நூலாக வெளியிட்டார்.

இலண்டனில் ஆராய்ச்சி நடந்த அதே நூற்றாண்டில், இந்தியாவில் மூசை உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இறக்குமதியான மலிவான இரும்பு ஒருபுறம் நெருக்கியது. காட்டு விறகுக்கு வந்த கட்டுப்பாடு மறுபுறம் நெருக்கியது. இலங்கையிலும் இவ்வித்தை வழங்கியதுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றிய தமது நூலில் சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிடுகின்றார். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலிலும் மூசை உருக்குச் செய்முறை விவரிக்கப்பட்டுள்ளது. அவர் கலையறிஞராய்ப் புகழ்பெறுமுன் இந்நாட்டுக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராயிருந்தவர். ஆகவே அழகோடு உலோகமும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. சமனலவெவவில் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த பழைய இரும்புலைகளைக் கில் ஜூலெவ் என்னும் தொல்பொருளறிஞர் கண்டறிந்தார். அத்தகைய உலையொன்றைத் தாமே அமைத்து, காபன் மிக்க உருக்கு அதில் விளைவதைக் காட்டி, 1996இல் உலகறியச் செய்தார்.

பேனாக்கத்தியோ தன் தொழிலை இழந்தது. பர்மிங்காம் ஆலைகள் உருக்குப் பேனாமுனைகளைக் குவிக்கத் தொடங்கியபின் இறகு சீவுவார் இல்லை. எனினும் கத்தி சட்டைப்பையை விட்டு நீங்கவில்லை. அதைத் தீட்டிச் சோதிப்பது பலர்க்குப் பொழுதுபோக்காயிற்று. கல்லில் ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். அதனை நீக்குவதிலேயே திறமை இருக்கின்றது. பிசிறு நின்ற கத்தி முதல் வெட்டில் கூராகத் தோன்றிப் பத்தாம் வெட்டில் ஏமாற்றிவிடும். தாளை அந்தரத்திற் பிடித்து அரிவதும், முன்கை மயிரை மழிப்பதும், கயிற்றை எத்தனை முறை அறுக்கும் என எண்ணுவதும் இவ்வார்வலரின் பரீட்சைகள். அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் வெர்ஹூவன் 2004இல் இவற்றை எலக்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். வெறுந் தோல்வாரில் தீட்டுவதால் பிசிறு அதிகம் நீங்குவதில்லை. குரோமியம் ஒட்சைட்டுப் பூசிய தோலே பயன்தரும் என்று கண்டார். நாவிதர் பலர் இதனை ஒப்புக்கொள்வாரோ என்பது வேறு கேள்வி.

அதே வெர்ஹூவன், புளோரிடாவைச் சேர்ந்த அல்பிரட் பென்றே என்னும் இலாடக் கொல்லரோடு சேர்ந்து பழைய வூட்ஸ் உருக்கை மீண்டும் செய்துகாட்டியவர். அதன் அலகில் ஓடும் நீரலை போன்ற கோலங்களுக்கு, தாதுவிலிருந்த மிகச் சிறிய அளவான வனேடியம் முதலிய கலப்புகளே காரணம் என இருவரும் 1998இல் வெளியிட்டனர். பரடே தேடியது அங்கே இருந்தது. அவர் காலத்துப் பகுப்பாய்வுக்கு அது எட்டவில்லை.

இறுதியில் ஸ்ரோடாட்டின் தீர்ப்பும் மறுபரிசீலனைக்கு வந்தது. ஷெபீல்ட் நகரிலுள்ள கத்தித்தொழில் ஆராய்ச்சிக் கழகம் வகுத்த பொறியொன்று, மணற்றுகள் கலந்த தாளட்டைகளை ஒரே அழுத்தத்தில் கத்தியின்மேல் முன்னும் பின்னும் ஓட்டி, அறுபட்ட ஆழத்தை அளக்கும். வூட்ஸ் அலகையும் இக்கால உருக்கு அலகுகளையும் அதிலிட்டுச் சோதித்த முடிவு 2008இல் வெளிவந்தது. மிகக் கடினமாகப் பதமேற்றியபோது உருளைத் தாங்கிகளுக்குரிய உருக்கும் சவர அலகு உருக்கும் முந்தின. பதத்தைத் தளர்த்தி, பழைய வாள்களின் கடினத்துக்கு அண்மையிற் கொணர்ந்தபோதோ, வூட்ஸ் சற்றே முந்தி வெட்டியது.